பிக்கப்பைப் பார்த்து எலெக்ட்ரிக் கிட்டார் வாங்குங்கள்: கோலாலம்பூரில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"ஆயிரம் வெள்ளிக்குள் நல்ல எலெக்ட்ரிக் கிட்டார் எது?" என்று எந்தக் கடையில் கேட்டாலும் யாராவது ஒரு பெயரைச் சொல்லிவிடுவார்கள். சொன்ன பெயர் பெரும்பாலும் மோசமாகவும் இருக்காது. ஆனால் கேட்டவர் என்ன வாசிக்கப் போகிறார், எங்கே வாசிக்கப் போகிறார் என்று யாரும் விசாரிப்பதில்லை. அந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால்தான் எந்தக் கிட்டார் என்று சொல்ல முடியும். காரணம், எலெக்ட்ரிக் கிட்டாரின் குரலைப் பெரும்பாலும் முடிவு செய்வது, தந்தியின் அசைவை மின்சாரமாக மாற்றும் பிக்கப் என்ற சிறு பாகம். நிறம், வடிவம், தலையில் எழுதியிருக்கும் பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

முதல் கிட்டார் வாங்குகிறவர்களிடம் நான் சொல்லும் வரிசை இது. பிக்கப் என்ன வகை, எத்தனை, எங்கே பதித்திருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நெக் (தந்திகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதி) கைக்கு ஒத்துவருகிறதா என்பது இரண்டாவது. பிக்கப் எந்த பிராண்ட் என்பது கடைசி. பிராண்டைப் பிற்பாடு ஒரு மாலைப்பொழுதில் மாற்றிக்கொள்ளலாம். பிக்கப் உட்கார மரத்தில் வெட்டிய குழியை மாற்றுவது அப்படி இல்லை.

பிக்கப் செய்யும் வேலை

தந்திகளுக்கு அடியில் செவ்வகமாகவோ பட்டையாகவோ பதித்திருக்கிறதே, அதுதான் பிக்கப். உள்ளே காந்தம் இருக்கும். அதைச் சுற்றித் தலைமுடி அளவே தடிமனுள்ள செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருப்பார்கள். காந்தம் தன் மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் லேசாகக் காந்தமாக்கிவிடும். தந்தி அதிர்ந்தால் காந்தப்புலம் ஆடும். அந்த ஆட்டம் கம்பிச்சுருளில் சிறு மின்னழுத்தத்தை எழுப்பும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது. எஸ்.பி.எம். இயற்பியல் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தச் சின்னஞ்சிறு மின்னழுத்தம் கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபயருக்கு (ஆம்ப்) போய்ப் பெரிதாகி ஸ்பீக்கரில் ஒலிக்கிறது.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, பிக்கப்புக்குக் கேட்பது காற்றில் வரும் சத்தம் இல்லை, தந்தியின் அசைவு. அதனால்தான் நைலான் தந்தி போட்ட கிட்டாரில் இந்த பிக்கப் வேலை செய்யாது. மரம் ஒலியை எவ்வளவு மாற்றும் என்ற சண்டை உலகம் உள்ளவரை ஓயாது; முதல் கிட்டார் வாங்குகிறவர் அதில் தலையிட வேண்டியதில்லை. பிக்கப் மாறினால் ஒலி மாறுவது யார் காதுக்கும் கேட்கும்.

இரண்டாவது, ஆடுகிற காந்தப்புலம் எதுவானாலும் அந்தக் கம்பிச்சுருள் பிடித்துக்கொள்ளும். தந்தியினுடையதா, பக்கத்துச் சுவருக்குள் ஓடும் மின்கம்பியினுடையதா என்று அதற்குத் தெரியாது. மலேசியாவில் மின்சாரம் வினாடிக்கு 50 தடவை ஆடுகிறது. வாசிக்காமல் சும்மா இருக்கும்போது ஆம்பில் வரும் 'உம்ம்ம்' என்ற இரைச்சல் இந்த 50 ஹெர்ட்ஸும் அதன் மடங்குகளும்தான். கிட்டார் தேர்வில் பாதி விஷயம் இந்த இரைச்சலைச் சுற்றியே ஓடும்.

முதல் படி: எங்கே, என்ன?

கடைக்குக் கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள்.

முதல் வரி, எங்கே வாசிக்கப் போகிறீர்கள். செந்தூலிலோ பிரிக்ஃபீல்ட்ஸிலோ அடுக்குமாடி வீடு, இரவில் ஹெட்ஃபோன் மட்டும்தான் என்றால் இரைச்சல் காதுக்குள்ளேயே கேட்கும். மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் ஜாமிங் ஸ்டூடியோவில் நண்பர்களோடு என்றால் டிரம்ஸின் சத்தத்தில் இரைச்சல் மறைந்துவிடும். தீபாவளி கலைநிகழ்ச்சி, கோயில் திருவிழா மேடை என்றால் நிலைமை வேறு. மேடை விளக்குகளின் டிம்மர்களும், நாலாபக்கமும் இழுத்துவிட்ட நீட்டுக் கேபிள்களும், சில இடங்களில் ஜெனரேட்டரும் சேர்ந்து சிங்கிள் காயில் கிட்டாரைப் பாடாய்ப் படுத்தும்.

இரண்டாவது வரி, என்ன வாசிக்கப் போகிறீர்கள். "எல்லாமே" என்று எழுதாதீர்கள். இப்போது திரும்பத் திரும்பக் கேட்கும் மூன்று பாட்டுகளில் கிட்டார் எப்படி ஒலிக்கிறது? எண்பதுகளின் திரைப்பாட்டுகளில் வருவது போலத் தந்தி தந்தியாகப் பிரித்துக் கேட்கும் சுத்தமான ஒலியா, ராக் கச்சேரியின் தடித்த, கரகரப்பான டிஸ்டார்ஷனா, இரண்டும் கலந்ததா? இதைத் தெரிந்துகொண்டால் போதும், அடுத்த படி சுலபம்.

இரண்டாவது படி: மூன்று குடும்பங்கள்

சிங்கிள் காயில். பெயரே சொல்வது போல ஒரே ஒரு கம்பிச்சுருள். ஃபெண்டர் நிறுவனம் 1950-இல் விற்கத் தொடங்கிய கிட்டார்களும் (இன்று டெலிகாஸ்டர் என்கிறோம்), 1954-இல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரும் இந்த வகை. ஒலி பளிச்சென்று இருக்கும். ஒரு கார்டை (பல சுரங்களைச் சேர்த்து) மீட்டினால் ஆறு தந்தியும் தனித்தனியே காதில் விழும். விரல் மெதுவாகப் பட்டதா, அழுத்திப் பட்டதா என்பதையும் காட்டிக்கொடுத்துவிடும். குறை ஒன்றுதான்: இரைச்சல்.

ஹம்பக்கர். கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் செத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1957-இலிருந்து கிப்சன் கிட்டார்களில் இது வரத் தொடங்கியது. இரண்டு சுருள்கள் அருகருகே இருக்கும். ஒன்றின் சுற்றும் காந்தத் திசையும் மற்றதற்கு நேர் எதிர். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு சுருளிலும் எதிரெதிராக எழுந்து ஒன்றையொன்று அடித்துவிடும். தந்தியின் ஒலியோ இரண்டிலும் ஒரே பக்கமாக எழுந்து கூடிவிடும். சுத்தமான யோசனை. இரண்டு சுருளும் தொடராக இணைவதால் ஒலி பலமாகவும் தடிப்பாகவும் வரும், உச்சியிலுள்ள பளபளப்பு கொஞ்சம் மழுங்கும். டிஸ்டார்ஷன் வாசிப்பவர்கள் இதை விரும்புவதற்குக் காரணம் உண்டு. டிஸ்டார்ஷன், ஒலியோடு சேர்த்து இரைச்சலையும் தூக்கிவிடும். அடியில் இரைச்சல் இல்லாவிட்டால் தூக்குவதற்கு ஒன்றும் இருக்காது.

விளம்பரங்களில் 'பி.ஏ.எஃப். வகை' என்று பார்த்தால், அந்த ஐம்பதுகளின் பழைய பாணியில் செய்த, அளவான பலமுள்ள ஹம்பக்கர் என்று புரிந்துகொள்ளுங்கள்.

பி-90. 1946-இல் கிப்சன் கொண்டுவந்தது. 1952-இன் முதல் லெஸ் பால் கிட்டார்களில் இருந்தது இதுதான். இதுவும் ஒற்றைச் சுருள்தான், ஆனால் அகலமானது. ஒலி சிங்கிள் காயிலைவிடத் தடிப்பு, ஹம்பக்கரைவிடக் கூர்மை. இரைச்சலும் உண்டு. புளூஸ், பழைய ராக் பிடித்தவர்கள் ஒருமுறையாவது வாசித்துப் பார்க்க வேண்டியது. முதல் கிட்டாராக நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஆனால் வாசித்துப் பிடித்துவிட்டால் தடுக்கவும் மாட்டேன்.

நான்காவதாக, பேட்டரியில் ஓடும் ஆக்டிவ் பிக்கப் இருக்கிறது. 9 வோல்ட் பேட்டரி, இரைச்சல் மிகக் குறைவு, மெட்டல் இசைக்குப் பெயர் பெற்றது. கேபிளைச் செருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், அதனால் வாசித்து முடித்ததும் பிடுங்கிவிட வேண்டும். தொடக்கத்தில் இது தேவையில்லை.

மூன்றாவது படி: எழுத்துகளைப் படிப்பது

கடை அட்டையிலோ ஷாப்பி பக்கத்திலோ எஸ்.எஸ்.எஸ்., எச்.எஸ்.எஸ்., எச்.எச்., எச்.எஸ்.எச். என்று போட்டிருப்பார்கள். எஸ் என்றால் சிங்கிள் காயில், எச் என்றால் ஹம்பக்கர். எச்.எஸ்.எஸ். என்றால் பிரிட்ஜ் (உடம்பில் தந்திகளைத் தாங்கும் பாகம்) பக்கம் ஒரு ஹம்பக்கர், மற்ற இரண்டும் சிங்கிள் காயில்.

ஒரே பிக்கப்பானாலும் அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துக் குரல் மாறும். பிரிட்ஜுக்கு அருகே தந்தி அதிகம் அசையாது. அங்கே அடிச்சுருதி மெலிந்து, மேற்சுரங்கள் தூக்கலாகக் கேட்கும். அதனால் பிரிட்ஜ் பிக்கப் கூர்மையாக, கொஞ்சம் கடிப்பதுபோல ஒலிக்கும். நெக் பக்கம் அசைவு அதிகம், ஒலி உருண்டையாக, கனமாக வரும். ஸ்விட்ச் இருப்பது இவற்றுக்கு இடையே மாறத்தான்.

ஸ்ட்ராட் (ஸ்ட்ராடோகாஸ்டர்) வகைக் கிட்டாரில் ஐந்து நிலை ஸ்விட்ச் இருக்கும். இதற்கு ஒரு சின்னக் கதை உண்டு. 1954-இல் வந்தபோது மூன்று நிலைதான். வாசிப்பவர்கள் ஸ்விட்சை இரண்டு நிலைக்கு நடுவில் நிறுத்தி, இரண்டு பிக்கப்பையும் சேர்த்து ஒலிக்க வைத்தார்கள். அந்த ஒலி பிடித்துப்போய் எல்லோரும் அதையே செய்ய, 1977-இல் ஃபெண்டரே ஐந்து நிலை ஸ்விட்சைப் போட்டுவிட்டது. இன்று பல கிட்டார்களில் நடு பிக்கப்பை எதிர்த்திசையில் சுற்றியிருப்பார்கள். அப்படிப்பட்டவற்றில் இரண்டாவது, நான்காவது நிலைகளில் ஹம்பக்கர் போல இரைச்சல் அடங்கிவிடும். சிங்கிள் காயிலை விரும்பி இரைச்சலுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இது பாதி நிவாரணம்.

இன்னும் முடிவு எடுக்க முடியாதவர்களுக்கு என் பதில் எச்.எஸ்.எஸ்.தான். சுத்தமான ஒலிக்கு நெக்கும் நடுவும், டிஸ்டார்ஷனுக்கு பிரிட்ஜ் ஹம்பக்கர். சிலவற்றில் ஒரு குமிழை மேலே இழுத்தால் ஹம்பக்கரின் ஒரு சுருள் அணைந்து சிங்கிள் காயில் போல ஒலிக்கும். யமஹா பசிஃபிகா 112வி-யில் இந்த வசதி உண்டு. அப்படி இழுத்தால் ஒலி சற்று மெலியும், இரைச்சலும் திரும்பி வரும். இரண்டும் பழுதல்ல, சுருள் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். மெட்டல் மட்டும்தான் என்று உறுதியாக இருப்பவர்கள் எச்.எச். வாங்கட்டும். கர்நாடக சங்கீதத்தைக் கிட்டாரில் வாசிக்கும் ஆசை உள்ளவர்கள் நெக் பக்கம் நல்ல ஹம்பக்கர் உள்ளதைப் பாருங்கள். கமகத்துக்குத் தந்தியை இழுக்கும்போதும் சறுக்கும்போதும் ஒலி அறுபடாமல் நிற்க வேண்டும், அதற்கு அந்த உருண்டைக் குரல் ஒத்துப்போகும்.

நான்காவது படி: கடையில்

முத்தியாரா டாமான்சாராவில் பெந்த்லி மியூசிக் போன்ற பெரிய கடைக்குப் போனால் (எம்.ஆர்.டி. நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது) பல வகையையும் ஒரே நாளில் ஒப்பிடலாம். சனி, ஞாயிறு மாலையைத் தவிருங்கள். மூன்று பேர் ஒரே நேரத்தில் வெவ்வேறு ஆம்பில் வாசித்துக்கொண்டிருந்தால் எதுவும் காதில் ஏறாது. எந்தக் கடையானாலும் "போலே?" (எடுக்கலாமா?) என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கையில் எடுங்கள். பெல்ட் கொக்கி கிட்டாரின் முதுகைக் கீறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வாசிக்கத் தெரியாதே என்று கூச்சப்பட வேண்டாம். ஒரு இ மைனர் கார்ட் தெரிந்தால் போதும். அதுவும் தெரியாவிட்டால் ஆறு தந்தியையும் ஒவ்வொன்றாக மீட்டத் தெரிந்தால் போதும்.

முதலில் ஆம்பில் செருகாமல் வாசியுங்கள். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) கர்ரென்று தந்தி இடிக்கிறதா பாருங்கள். அப்புறம் செருகச் சொல்லுங்கள். ஆம்பைச் சுத்தமான சேனலில் வைத்து, ட்ரெபிள், மிடில், பாஸ் மூன்றையும் நடுவில் நிறுத்தி, எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் போன்ற அலங்காரம் எதையும் போடாமல் கேளுங்கள். பல விற்பனையாளர்கள் பழக்க தோஷத்தில் கொஞ்சம் ரிவெர்ப், கொஞ்சம் டிலே போட்டுத்தான் தருவார்கள். அதில் எந்தக் கிட்டாரும் நன்றாகவே கேட்கும். அணைக்கச் சொல்லுங்கள்.

இப்போது ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்து ஒரே கார்டை மீட்டி, ஒலி தானாக அடங்கும்வரை காத்திருங்கள். ஒவ்வொரு நிலையிலும் குரல் மாற வேண்டும். ஏதாவது ஒரு நிலையில் ஒலி செத்துப்போனால், அல்லது சகிக்க முடியாத அளவுக்கு மெலிந்தால், உள்ளே ஏதோ கழன்றிருக்கிறது. பிறகு ஒவ்வொரு தந்தியாக ஒரே பலத்தில் மீட்டுங்கள். ஒரு தந்தி மட்டும் பலவீனமாகக் கேட்டால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் பிக்கப்பின் உயரம் சரியில்லை என்றுதான் அர்த்தம், திருகாணி வேலை.

இனி இரைச்சல் பரிசோதனை. வால்யூமை முழுதாக வைத்து, கையைத் தந்தியிலிருந்து எடுத்துவிடுங்கள். இரைச்சல் கேட்கும். இப்போது உள்ளங்கையைத் தந்திகள் மேல் வையுங்கள். இரைச்சல் குறைய வேண்டும். தந்திகள் பிரிட்ஜ் வழியாகக் கிட்டாரின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால் அந்த எர்த் கம்பி தவறாகவோ விட்டுப்போயோ இருக்கலாம். புதுக் கிட்டாரில் இப்படி இருந்தால் அங்கேயே சரிசெய்யச் சொல்லலாம், அல்லது வேறு ஒன்றை எடுக்கலாம்.

அடுத்து, சிங்கிள் காயிலில் ஸ்விட்சை வைத்துக்கொண்டு, கிட்டாரோடு மெதுவாகக் கால் வட்டம் திரும்புங்கள். ஆம்பைப் பார்த்தபடி ஒருமுறை, பக்கவாட்டில் ஒருமுறை. ஒரு திசையில் இரைச்சல் ஏறும், இன்னொரு திசையில் கிட்டத்தட்ட அடங்கிவிடும். இது கிட்டாரின் குறை இல்லை, ஒற்றைச் சுருளின் இயல்பு. கடையில் குழல் விளக்குகளும் ஆம்புகளும் நிறைய இருப்பதால் வீட்டில் இதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஆனால் எந்தத் திசையில் திரும்பினாலும் ஹம்பக்கர் நிலையிலும் அதே அளவு இரைச்சல் வருகிறது என்றால் அதைக் கவனிக்க வேண்டும். கேபிளை மாற்றிக் கேளுங்கள். கேபிள்தான் குற்றவாளியாக இருக்கும், அடிக்கடி.

வால்யூம் குமிழை 10-இலிருந்து 5-க்கு இறக்கிப் பாருங்கள். சத்தம் குறைவது சரி, ஒலி போர்வைக்குள் போனது மாதிரி மந்தமாகிறதா என்றும் கேளுங்கள். கொஞ்சம் மந்தமாவது எல்லாக் கிட்டாரிலும் உண்டு. கடைசியாக ஆம்பின் கெயினை (டிஸ்டார்ஷனைக் கூட்டும் குமிழ்) ஏற்றி, பிரிட்ஜ் பிக்கப்பில் தந்திகளை உள்ளங்கை ஓரத்தால் அடக்கி வாசியுங்கள். வாசிப்பதை நிறுத்தியதும் கீச்சென்று விசில் அடித்தால், ஆம்புக்கு ரொம்ப அருகில் நிற்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். நான்கு எட்டு தள்ளி நின்றும் அடித்தால், பிக்கப்பின் சுருள் மெழுகில் சரியாக ஊறாமல் உள்ளே தளர்வாக இருக்கலாம்.

இரண்டு கிட்டார்களை ஒப்பிடும்போது ஒரு தந்திரம் தெரிந்திருக்க வேண்டும்: சத்தம் கூடியதுதான் நல்லது என்று காது நம்பிவிடும். ஹம்பக்கர் கிட்டார் இயல்பாகவே சத்தம் கூடுதல். அதற்கு ஆம்ப் வால்யூமைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். அதே ஆம்ப், அதே கேபிள்.

எண்களில் மயங்காதீர்கள்

பிக்கப் விவரத்தில் '8.2கே' என்பது போல ஓர் எண் இருக்கும். அது கம்பிச்சுருளின் மின்தடை, கிலோஓம் கணக்கில். சிங்கிள் காயில் பொதுவாக 5 முதல் 7 வரை, பழைய பாணி ஹம்பக்கர் 7 முதல் 9 வரை, பலம் கூட்டியவை அதற்கு மேலே. ஒரே வகைக்குள் எண் ஏறினால் பெரும்பாலும் பலம் கூடும், பளபளப்பு குறையும். ஆனால் கம்பியின் தடிமன், காந்தம் எல்லாம் சேர்ந்ததுதான் ஒலி. எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது வீண்.

காந்தத்தில் ஆல்னிகோ, செராமிக் என்று இரண்டு. ஆல்னிகோ என்பது அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த உலோகம். விலை கூடிய பிக்கப்புகளில் ஆல்னிகோவும், மலிவானவற்றில் செராமிக்கும் அதிகம் என்பதால் செராமிக் என்றாலே மட்டம் என்று ஒரு பேச்சு. அப்படி இல்லை. மெட்டலுக்கென்றே செய்த நல்ல பிக்கப்புகள் பலவற்றில் செராமிக்தான் இருக்கிறது.

பழைய கிட்டார் வாங்கினால்

முடா, கேரோசல் ஆகிய இணையச் சந்தைகளில் நல்ல பழைய கிட்டார்கள் கிடைக்கும். அதே பணத்தில் ஒரு படி மேலே உள்ளதை வாங்கலாம். நேரில் போய்ப் பார்க்காமல் பணம் போட்டுவிடாதீர்கள். விற்பவர் வீட்டில் ஆம்ப் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் ஹெட்ஃபோன் ஆம்ப் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் நல்லது. கிட்டாரில் கேபிளைச் செருகி, மறுமுனை பிளக்கின் நுனியையும் தண்டையும் மீட்டரின் இரண்டு முனைகளால் தொடுங்கள். வால்யூமும் டோனும் முழுதாக இருக்கட்டும். ஸ்விட்சை ஒவ்வொரு நிலையிலும் வைத்தால் மேலே சொன்ன எண்களுக்கு அருகில் ஏதாவது காட்டும். இரண்டு பிக்கப் சேரும் நிலையில் கிட்டத்தட்டப் பாதி காட்டும். ஏதாவது ஒரு நிலையில் மட்டும் திடீரென்று 250 அல்லது 500 கிலோஓம் பக்கம் காட்டினால், அங்கே பிக்கப் இணைப்பில் இல்லை. நீங்கள் அளப்பது வால்யூம் குமிழின் மின்தடையை. கம்பி அறுந்திருக்கலாம், ஈயப்பற்று விட்டிருக்கலாம். விலை பேச அது போதுமான காரணம். ஆக்டிவ் பிக்கப்புக்கு இந்தச் சோதனை ஒத்துவராது.

நம் ஊர் ஈரக்காற்றுக்கும் வியர்வைக்கும் பிக்கப்பின் திருகாணிகள் துருப்பிடிப்பது சகஜம். மேலே கொஞ்சம் பழுப்பு இருந்தால் ஒலிக்கு ஒன்றும் ஆகாது. திருகாணித் தலையே தின்றுபோயிருந்தால் உயரத்தை மாற்ற முடியாது, அதைப் பாருங்கள். உடம்பில் குழியைப் பெரிதாக்கிக் கையால் செதுக்கிய அடையாளம் இருக்கிறதா என்றும் பாருங்கள். துருவை எடுக்க ஸ்டீல் ஊல் கொண்டு தேய்க்கிறேன் என்று யாராவது சொன்னால் தடுத்துவிடுங்கள். அந்த எஃகுத் தூள் முழுவதும் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும், அதை எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஜப்பானிலிருந்து வந்த பழைய ஆம்புகளும் விற்பனைக்கு வரும். அங்கே 100 வோல்ட். இங்கே 230-240 வோல்ட். பின்பக்கத் தகட்டைப் படிக்காமல் சுவரில் செருகினால் அன்றோடு சரி.

வாங்கிய பிறகு: ஸ்க்ரூடிரைவர் போதும்

புதிதாக வாங்கியவர்கள் ஒலி பிடிக்கவில்லை என்று உடனே பிக்கப்பை மாற்ற நினைப்பார்கள். அதற்கு முன் உயரத்தைச் சரிசெய்து பாருங்கள், செலவே இல்லை. பிக்கப்பின் இரு முனையிலும் ஒவ்வொரு திருகாணி இருக்கும். அவைதான் அதைத் தந்திக்கு அருகிலும் தூரத்திலும் நகர்த்துபவை.

தடித்த இ தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். தந்தியின் அடிப்பாகத்துக்கும் பிக்கப்பின் காந்தத்துக்கும் இடையே எவ்வளவு இடைவெளி என்று சிறு ஸ்கேலால் அளங்கள். 2 மில்லிமீட்டர் நல்ல தொடக்கம். மெல்லிய தந்திப் பக்கம் அதைவிட ஒரு இழை நெருக்கமாக இருக்கலாம். நெக் பிக்கப்பைக் கொஞ்சம் தாழ்வாக வையுங்கள், அங்கே தந்தியின் அசைவு அதிகம் என்பதால் இயல்பாகவே சத்தம் கூடும். கால் திருப்பு திருப்புங்கள், வாசியுங்கள், கேளுங்கள். மறுபடியும் கால் திருப்பு. ஒரேயடியாக நாலு சுற்று சுற்றினால் எது எதை மாற்றியது என்று தெரியாது.

நெருக்கினால் ஒலி பலமாகும், அதனால் எல்லோருக்கும் நெருக்கத் தோன்றும். ஸ்ட்ராட் போன்ற சிங்கிள் காயில்களில் காந்தம் பலமானது. ரொம்ப நெருங்கினால் அது தந்தியைத் தன் பக்கம் இழுத்து, மேல் ஃப்ரெட்டுகளில் சுருதி நடுங்கும், ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும். ட்யூனரில் சரியாகக் காட்டியும் மேலே வாசிக்கும்போது ஏதோ பிசகாகக் கேட்டால் முதலில் பிக்கப்பை இறக்கிப் பாருங்கள்.

வீட்டு இரைச்சலுக்கும் சில வார்த்தை. விசிறி ரெகுலேட்டர், டிம்மர் போட்ட விளக்கு, மலிவான எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், எது குற்றவாளி என்று தெரிந்துவிடும். மடிக்கணினியில் பதிவு செய்யும்போது இரைச்சல் வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஆனால் இரைச்சலைக் குறைக்கிறேன் என்று ஆம்ப் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிப்பது, எர்த் இல்லாத அடாப்டர் போடுவது மட்டும் வேண்டாம். தந்தியை விரலால் தொட்டுக்கொண்டிருப்பவர் நீங்கள். ஆம்பில் பழுது வந்தால் அந்த எர்த் கம்பிதான் உங்களுக்குக் காவல்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால்

தந்தி புதிது, உயரம் சரி, கேபிள் சரி, ஆம்ப் சுமார் இல்லை. இதற்குப் பிறகும் ஒலி திருப்தியில்லை என்றால் பிக்கப்பை மாற்றலாம். சின்ன ப்ராக்டிஸ் ஆம்ப் வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தை ஆம்புக்குப் போடுவது மேல் என்பேன். 8 அங்குல ஸ்பீக்கரில் நல்ல பிக்கப்பின் அருமை முழுதாகத் தெரியாது.

இங்கேதான் குழி விவகாரம் வருகிறது. சிங்கிள் காயில் இருந்த இடத்தில் வேறு சிங்கிள் காயில் சுலபமாக உட்காரும். சாதாரண அளவு ஹம்பக்கரை அங்கே வைக்க வேண்டுமானால் மரத்தில் இடம் இருக்க வேண்டும், மேலே உள்ள பிளாஸ்டிக் தகட்டையும் மாற்ற வேண்டும். சில ஸ்ட்ராட் வகைகளில் தகட்டைக் கழற்றிப் பார்த்தால் ஹம்பக்கருக்கும் சேர்த்தே பெரிதாக வெட்டியிருப்பார்கள். சிலவற்றில் இருக்காது. சிங்கிள் காயில் அளவிலேயே செய்த குட்டி ஹம்பக்கர்களும் கிடைக்கின்றன. மரத்தைத் தொட விரும்பாதவர்களுக்கு அவை பரவாயில்லை.

ஒற்றைச் சுருள்களோடு 250 கிலோஓம் குமிழும், ஹம்பக்கரோடு 500 கிலோஓம் குமிழும் போடுவது வழக்கம். ஹம்பக்கரை 250-இல் இணைத்தால் மந்தமாகக் கேட்கும். பிக்கப்பைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

சால்டரிங் தெரிந்தவர்கள் தாங்களே செய்யலாம். புடுவில் ஜாலான் பாசார் பக்கமுள்ள எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஈயம், குமிழ், கம்பி, மல்டிமீட்டர் எல்லாம் கிடைக்கும். பழைய இணைப்பைக் கழற்றுவதற்கு முன் போனில் நாலைந்து கோணத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிறக் கம்பி எங்கே போனது என்று அரை மணி நேரத்தில் மறந்துவிடும், நிறக் குறியீடும் கம்பெனிக்குக் கம்பெனி வேறு. மாற்றி முடித்து இரண்டு பிக்கப்பையும் சேர்த்து வாசிக்கும்போது ஒலி திடீரென்று மூக்கடைத்தது போல மெலிந்தால், ஒன்றின் கம்பிகள் தலைகீழாக இணைந்திருக்கின்றன. எர்த்தோடு சேர்ந்த கவசக் கம்பியைத் தொடாமல், அந்த ஒரு பிக்கப்பின் இரண்டு கம்பிகளை மட்டும் இடம் மாற்றினால் சரியாகிவிடும்.

கழற்றிய பழைய பிக்கப்பைத் திருகாணி, ஸ்பிரிங்கோடு ஒரு பையில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குக் கிட்டாரை விற்க நேர்ந்தால் பழையதைத் திரும்பப் போட்டுவிட்டு, நல்லதை அடுத்த கிட்டாருக்கு எடுத்துக்கொள்ளலாம்.